ஆறு வயதுக்குப் பிறகு: கோடைக்கானலில் உருவான தொடக்கக் கல்வி

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில்கூட இன்று மாண்டிசோரி என்ற பெயரைத் தாங்கிய பள்ளிப் பெயர்ப்பலகை ஒன்றையாவது காண முடிகிறது. மூன்று வயது முதல் ஐந்து வயது வரையிலான மழலையரைச் சேர்த்துக்கொள்ளும் அப்பள்ளிகளில் பல, அந்தப் பெயருக்குரியவரின் கல்விச் சிந்தனையில் ஒரு பாதியை மட்டுமே, அதையும் வண்ணக் கட்டைகள், மணிச் சரங்கள் என்ற அளவிலேயே எடுத்துக்கொண்டிருக்கின்றன. மறுபாதி ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரியது. நம் பள்ளிக் கணக்கில் சொன்னால், ஒன்றாம் வகுப்பில் தொடங்கித் தொடக்கப்பள்ளியைக் கடந்து நடுநிலைப்பள்ளியின் வாசல் வரை நீளும் பருவத்துக்குரியது. அந்த மறுபாதி விரிந்த வடிவம் பெற்றது ரோமிலோ ஆம்ஸ்டர்டாமிலோ அன்று, 1942 முதல் 1944 வரை மரியா மாண்டிசோரி தங்கியிருந்த கோடைக்கானலில் என்பது, அந்த ஊருக்கு ஆண்டுதோறும் வந்துபோகும் லட்சக்கணக்கானோரில் மிகச் சிலருக்கே தெரிந்த செய்தி.

வரலாற்றுப் பெருமை என்ற அளவில் மட்டும் இதை நினைவுகூர்ந்தால் போதாது. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் கடந்த இருபது ஆண்டுகளில் செயல்வழிக் கற்றல், எளிமையாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல், எண்ணும் எழுத்தும் என்று அடுத்தடுத்து மூன்று பெரிய மாற்றங்களைக் கண்டிருக்கின்றன. இம்மூன்றின் அடித்தளத்திலும், குழந்தை தானே செய்து பார்த்துத்தான் கற்கிறது என்ற கொள்கை இருக்கிறது. ஆயினும் வகுப்பறையின் நான்கு சுவருக்குள் செய்யத்தக்க செயல்களே அவற்றில் மிகுதியாக இடம்பெற்றன. ஆறு வயதைக் கடந்த குழந்தையைச் சுவருக்கு வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே கோடைக்கானலில் மாண்டிசோரி எட்டிய முடிவு. அம்முடிவு பிறந்த மலையிலேயே அது நடைமுறையாகாமல் இருப்பது கவனத்துக்குரியது.

போர் அனுப்பிவைத்த விருந்தாளி

1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லேயில் பிறந்த மரியா மாண்டிசோரி, 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். ஆசிரியர் பயிற்சி வழியாகக் கல்வித் துறைக்குள் வந்தவர் அல்லர். நோயாளியைப் பார்க்கும் மருத்துவரின் கண்ணோடு, அதாவது முன்முடிவு இன்றி அறிகுறிகளைக் குறித்துக்கொண்டு பிறகு காரணத்தைத் தேடும் பழக்கத்தோடு, அவர் குழந்தைகளைப் பார்த்தார். 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லம் சில ஆண்டுகளுக்குள் உலகப் புகழ் பெற்றது. பணக்காரர்களின் விருப்பப் பள்ளியாக இன்று பார்க்கப்படும் ஒரு முறை, கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளிடையே தோன்றியது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேல், அவருடைய துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939-இன் இறுதியில், அறுபத்தொன்பதாம் வயதில், மகன் மரியோவுடன் அவர் சென்னை வந்தார். சபை வளாகத்தின் ஓலைக் கொட்டகைகளில் நடந்த பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். சில மாதங்களில் ஊர் திரும்பும் எண்ணத்தோடு வந்தவரை உலகப் போர் தடுத்து நிறுத்தியது. 1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் இந்திய அரசின் பார்வையில் தாயும் மகனும் எதிரி நாட்டவர் ஆயினர். மரியோ அகமதுநகர் முகாமுக்கு அனுப்பப்பட்டார், தாயின் நடமாட்டம் அடையாறு வளாகத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, அவருடைய எழுபதாம் பிறந்தநாளில், பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிப்பதாக வைஸ்ராயின் தந்தி வந்தது. அதுவரை வெளியுலகில் உறவினராகவும் வளர்ப்பு மகனாகவும் மட்டுமே குறிக்கப்பட்டுவந்த மரியோவை, மகன் என்றே குறிப்பிட்ட தந்தி அது.

பயிற்சி வகுப்புகள் நடத்த அரசு தடை சொல்லவில்லை. நாட்டை விட்டு வெளியேறத்தான் முடியவில்லை. சென்னையின் வெயிலிலிருந்து விலகி 1942-இல் அவர்கள் கோடைக்கானலுக்குச் சென்றனர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஊர் அப்போதே நூறாண்டு வயதை நெருங்கிய மலை வாசத்தலம். மதுரை ஆட்சியராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய ஏரி, 1901 முதல் சூரியனைப் பதிவுசெய்துவரும் வானாய்வு நிலையம், 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையினர் நிறுவிய கல்லூரியும் அதையொட்டி வளர்ந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கிய பள்ளி ஆகியவை அங்கே ஏற்கெனவே இருந்தன. போரினால் ஐரோப்பா செல்ல இயலாத குடும்பங்களின் குழந்தைகளும் உள்ளூர் இந்தியக் குழந்தைகளும் கலந்து படிக்கும் ஒரு சிறு பள்ளி மாண்டிசோரியைச் சுற்றி உருவாயிற்று. வயது வேறு, மொழி வேறு, மதம் வேறு என்றிருந்த அந்தக் குழந்தைகளோடு அன்றாடம் பணியாற்றியவர்கள் மரியோவும், இலங்கையிலிருந்து அடையாறு பயிற்சிக்கு வந்து அவர்களோடு இணைந்துகொண்ட லீனா விக்ரமரத்னவும் ஆவர்.

மலை செய்த வேலை

அதுவரை மாண்டிசோரியின் கவனம் பெரிதும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மீதே இருந்தது. அவ்வயதில் குழந்தையின் மனம், சுற்றியுள்ள மொழியையும் ஒழுங்கையும் முயற்சியின்றியே உள்வாங்குகிறது என்பது அவர் கண்டறிந்தது. ஈர்க்கும் மனம் என்று அதைக் குறிப்பிடலாம். அக்குழந்தைக்கு வேண்டியது, ஒன்றன்பின் ஒன்றாகக் கையாளத்தக்க, பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் பொருள்கள் நிறைந்த ஒழுங்கான அறை. உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் குழந்தை தவறு செய்தால், கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் மிஞ்சும். ஆசிரியர் தவறு என்று சொல்லத் தேவையே இல்லை.

கோடைக்கானல் குழந்தைகளிடம் இந்த ஒழுங்கு போதவில்லை. அவர்கள் பாதையோரத்திலிருந்து புழு, வண்டு, பாசி, இலை என்று எதையாவது கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தனர். அவற்றின் பெயரைக் கேட்டனர், பெயர் கிடைத்ததும் அடுத்ததாக ஏன் என்று கேட்டனர். லீனாவும் மரியோவும் அவற்றை விலக்காமல், அவற்றிலிருந்தே பாடங்களை அமைக்கத் தொடங்கினர். இலை வடிவங்களையும் வேர் வகைகளையும் பூவின் பகுதிகளையும் விளக்கும் அட்டைகள், உயிரினங்களை வகைப்படுத்தும் படங்கள், உயிர் தோன்றி வளர்ந்த வரிசையைக் காட்டும் நீண்ட காலப் பட்டைகள் எனப் பிற்காலத்தில் உலகெங்கும் மாண்டிசோரித் தொடக்கப்பள்ளிகளில் இடம்பெற்ற கருவிகளில் பல இங்கே உருவாயின அல்லது இங்கே திருத்தமான வடிவம் பெற்றன. ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான உயர்நிலைப் பயிற்சியும் கோடைக்கானலிலேயே நடந்தது.

1935-இல் லண்டன் உரைகளில் கோட்டோவியமாக முன்வைக்கப்பட்டிருந்த பிரபஞ்சக் கல்வி என்னும் கருத்து இந்தச் சூழலில்தான் சதையும் இரத்தமும் பெற்றது. பிரபஞ்சக் கல்வி என்பது வானியல் பாடம் அன்று. பூமி, நீர், தாவரம், விலங்கு, மனிதர் ஆகிய ஒவ்வொன்றும் மற்றொன்றின் வாழ்வுக்குத் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பணியைச் செய்துவருகிறது என்ற முழுமையான காட்சியை முதலில் குழந்தையின் முன் வைத்து, அதன் பிறகே கணக்கு, மொழி, அறிவியல், வரலாறு என்ற பிரிவுகளுக்குள் இறங்கும் கற்பித்தல் வரிசையையே அச்சொல் குறிக்கிறது. நம் பாடநூல்கள் பொதுவாகப் பகுதியிலிருந்து முழுமைக்குச் செல்கின்றன; எழுத்து, சொல், தொடர், பத்தி என்று ஏறுகின்றன. ஆறு வயதுக் குழந்தையின் ஆர்வமோ முழுமையிலிருந்து பகுதிக்கு இறங்குகிறது. அண்டம் தோன்றியது, உயிர் தோன்றியது, மனிதர் தோன்றியது, எழுத்து பிறந்தது, எண் பிறந்தது என்ற ஐந்து பெருங்கதைகளோடு ஆண்டின் பாடங்களைத் தொடங்கும் வழக்கம் இந்தக் கருத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு கதைக்குப் பிறகும் குழந்தை கேட்கும் கேள்விகளே அடுத்து வரும் வாரங்களின் பாடத்திட்டம்.

மாண்டிசோரியின் முறையில் கற்பனைக்கு இடமில்லை என்பது அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1914-இலேயே எழுப்பிய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. மழலையர் பருவத்தைப் பொறுத்தவரை அதில் ஓரளவு நியாயம் உண்டு. கோடைக்கானலில் உருவான பகுதியோ முழுக்க முழுக்கக் கற்பனையின் மீதே நிற்கிறது. கண்ணால் காண முடியாத காலத்தையும் தொலைவையும் மனத்தில் கட்டியெழுப்பும் ஆற்றல் ஆறு வயதுக்குப் பிறகே மலர்கிறது என்பதை மாண்டிசோரி அங்கே பயன்படுத்திக்கொண்டார்.

ஒரு கறுப்புத் துணி

இந்தக் கல்வியின் இயல்பை ஒரே ஒரு கருவியைக் கொண்டு விளக்க வேண்டுமானால், கறுப்புப் பட்டையைத் தேர்ந்தெடுக்கலாம். தங்கள் நாகரிகமே மிகத் தொன்மையானது என்று மாணவர்கள் பெருமை பேசியபோது, மாண்டிசோரி வாதம் செய்யாமல், மிக நீண்ட கறுப்புத் துணிப் பட்டை ஒன்றைச் சுருளாகச் செய்யச்சொல்லி, மிதிவண்டியின் துணையோடு கோடைக்கானல் சாலையில் விரித்துக் காட்டினார் என்பது மாண்டிசோரிப் பயிற்சி மையங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. பட்டை முழுவதும் பூமியின் வயது. அதன் கடைசி நுனியில் உள்ள மெல்லிய கோடு மட்டுமே மனித இனத்தின் காலம்.

முப்பது மீட்டர் நீளமுள்ள கறுப்புத் துணி கிடைத்தால் எந்தத் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் இதைச் செய்து காட்டலாம். பூமியின் வயதை ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள் என்று கொண்டால், அத்துணியில் ஒரு மீட்டர் என்பது சுமார் 15 கோடி ஆண்டுகள். ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் ஒன்றரை லட்சம் ஆண்டுகள். டைனோசர்கள் மறைந்த காலம், துணியின் முடிவிலிருந்து நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் தொலைவில், ஏறக்குறைய ஒரு குழந்தையின் கை நீளத்தில் வந்துவிடுகிறது. நம் இனமான மனிதர் தோன்றி மூன்று லட்சம் ஆண்டுகள் என்றால், அதற்குக் கிடைப்பது இரண்டு மில்லிமீட்டர். கோடைக்கானல் அமைந்துள்ள பழனி மலையின் தாண்டிக்குடிப் பகுதியிலும் பிற இடங்களிலும் காணப்படும் கற்திட்டைகள், அதாவது பெருங்கற்காலத்து மக்கள் இறந்தோருக்காகப் பலகைக் கற்களைக் கொண்டு எழுப்பிய சின்னங்கள், இத்துணியில் தலைமயிரின் தடிமன்கூடப் பெறமாட்டா. இக்கணக்கை ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் குழந்தை எழுதிக்கொள்ளும். துணியை விரித்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால், மூன்றாம் வகுப்புக் குழந்தையும் நான்காம் வகுப்புக் குழந்தையும் தாமே வகுத்தலுக்குள் நுழைந்துவிடும். வரலாறு, உயிரியல், அளவை, பெருக்கல், வகுத்தல், தற்பெருமைக்கு ஒரு கடிவாளம் ஆகிய அனைத்தும் ஒரே துணியில் கிடைப்பதைத்தான் பிரபஞ்சக் கல்வி என்ற பெரிய சொல் சுட்டுகிறது.

குழந்தையிடம் நிகழும் மாற்றம்

குழந்தை வளர்ச்சியை ஒரே சாய்வில் ஏறிச்செல்லும் கோடாக மாண்டிசோரி கருதவில்லை. பிறப்பு முதல் ஆறு வரை, ஆறு முதல் பன்னிரண்டு வரை, பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை, பதினெட்டு முதல் இருபத்துநான்கு வரை என நான்கு தளங்களாக அவர் அதைப் பிரித்தார். ஒவ்வொரு தளத்திலும் குழந்தையின் தேவை முந்தையதிலிருந்து மாறுகிறது என்பதே அப்பிரிவின் சாரம். பால் பற்கள் விழத் தொடங்குவது இரண்டாம் தளம் தொடங்கியதற்கு எவரும் காணத்தக்க உடல் அடையாளம். உடல் உறுதி பெறுகிறது, தனியே விளையாடிய குழந்தை கூட்டம் சேர்க்கிறது, எது சரி எது தவறு என்ற கேள்வி மனத்தை ஆட்கொள்கிறது.

இக்கடைசி மாற்றத்தை எந்தத் தமிழ்நாட்டு வகுப்பறையிலும் நாள்தோறும் காணலாம். “டீச்சர், இவன் என் பென்சிலை எடுத்துட்டான்”, “சார், அவ வரிசையில நிக்கல” என்று ஆசிரியரின் மேசையை நோக்கி ஓடிவரும் இரண்டாம் வகுப்புக் குழந்தையைக் கோள் சொல்லும் பிள்ளை என்று அதட்டி அனுப்புவதே வழக்கம். மாண்டிசோரி அதை வேறு விதமாகப் பார்த்தார்: அக்குழந்தை பிறரைத் தண்டிக்கச் சொல்லி வரவில்லை, விதி என்பது எதுவரை செல்லும் என்பதை உறுதிசெய்துகொள்ள வருகிறது. அந்த முறையீட்டுக்கு ஒரு வரியிலேனும் விடை கிடைத்தால், நியாயம் பற்றிய சிந்தனை வளர்கிறது. அதட்டல் கிடைத்தால், அடுத்த முறை அக்குழந்தை கேட்பதை நிறுத்திக்கொள்கிறது.

அறிவு வளர்ச்சியைப் பொறுத்தவரை, சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே ஏழு முதல் பதினொரு வயது வரையிலான பருவத்தைப் பருப்பொருள் சார்ந்த சிந்தனைப் பருவம் என வகுத்தார். குட்டையான டம்ளரில் உள்ள நீரை உயரமான டம்ளரில் ஊற்றினால் நீர் கூடிவிட்டது என்று நான்கு வயதுக் குழந்தை நம்பும். இப்பருவத்துக் குழந்தை அளவு மாறவில்லை என்று காரணத்தோடு சொல்லும். ஆயினும் அந்தக் காரணத்தைச் சொல்ல அதற்குக் கண்முன் நீரும் டம்ளரும் வேண்டும். இதனால்தான் பின்னத்தை வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுக்கும்போது தடுமாறும் நான்காம் வகுப்பு மாணவி, சந்தையில் கால் கிலோ பூண்டுக்கு விலை கேட்டால் பிழையின்றிச் சொல்கிறாள்.

இம்முறையின் பயனைப் பற்றிய ஆய்வுகளில் மிகைப்படுத்தலுக்கு இடம் தராத ஒன்று, 2006-இல் சயின்ஸ் இதழில் ஏஞ்சலின் லில்லார்டும் நிக்கோல் எல்ஸ்-குவெஸ்டும் வெளியிட்டது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குலுக்கல் முறையில் மாண்டிசோரிப் பள்ளியில் இடம் கிடைத்த குழந்தைகளையும் கிடைக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டதால், பெற்றோரின் ஆர்வமே வேறுபாட்டுக்குக் காரணம் என்று தள்ளிவிட முடியாத ஆய்வு அது. ஐந்து வயதினர் எழுத்தறிவிலும் கணக்கிலும் முன்னிலையில் இருந்தனர். பன்னிரண்டு வயதினரிடம் பாடத் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அவர்கள் எழுதிய கதைகளின் படைப்புத்திறனிலும் வாக்கிய அமைப்பிலும், சக மாணவரோடு ஏற்படும் சிக்கல்களைத் தீர்க்கும் முறையிலும் வேறுபாடு தெரிந்தது. மதிப்பெண்ணை மட்டுமே எதிர்பார்க்கும் பெற்றோருக்கு இது ஏமாற்றமளிக்கும் முடிவு. தொடக்கக் கல்வியின் நோக்கம் குழந்தையின் வளர்ச்சி என்று ஏற்றுக்கொள்வோருக்கு இதைவிடத் தெளிவான முடிவு தேவையில்லை.

தமிழ்நாட்டு வகுப்பறையில் நடந்தது

குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் பாலமந்திர் என்னும் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா, மாண்டிசோரியின் கருத்துகளை இந்திய வகுப்பறைக்கு ஏற்ப மாற்றியவர். அவருடைய நூல் பகல் கனவு என்ற பெயரில் தமிழிலும் ஆசிரியர்களிடையே பரவலாக வாசிக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி அமைப்புக்குள் அத்தகைய மாற்றம் பெருமளவில் நுழைவதற்கு மேலும் எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலியில், பல வகுப்புக் குழந்தைகள் ஓராசிரியரிடம் ஒன்றாகப் படிக்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்ட அட்டை முறையைக் கண்டறிந்து, அப்போது சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003-இல் சில மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கிவைத்தார். 2007-08-இல் அது மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை விரிவாக்கப்பட்டது.

செயல்வழிக் கற்றல் எனப்பட்ட அம்முறையில், பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பது சுவரில் மாட்டிய ஏணிப்படி என்னும் அட்டவணையில் சின்னங்களால் குறிக்கப்பட்டது. குழந்தை தன் சின்னத்தைப் பார்த்துத் தானே அட்டையை எடுத்து, பாயில் அமர்ந்து, தன் வேகத்தில் முன்னேறியது. கீழ்மட்டக் கரும்பலகை குழந்தையின் கை எட்டும் உயரத்துக்கு இறங்கியது. குழந்தைகளின் ஓவியங்கள் தலைக்கு மேல் கட்டிய கம்பிப் பந்தலில் தொங்கின. வருகையைக் குழந்தைகளே குறித்துக்கொண்டனர். ஆசிரியரின் நாற்காலி பயனற்றுப் போனதே அம்முறையின் மிகப் பெரிய சாதனை என்று சொன்னால் மிகையாகாது.

குறைகளும் இருந்தன. அட்டைகள் மாநிலம் முழுவதும் ஒன்றாகவே அச்சிடப்பட்டன. தஞ்சைக் குழந்தையும் பழனி மலையின் மன்னவனூர்க் குழந்தையும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே விடையை எழுதினர். அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வருவதற்குள் குழந்தை அடுத்த வகுப்புக்குச் சென்றுவிடும் நிலை இருந்தது. ஏணிப்படி என்பது வழிகாட்டியாக இருக்க வேண்டியது; பல இடங்களில் எத்தனை அட்டை முடிந்தது என்று எண்ணும் பதிவேடாக மாறியது. 2012-13-இல் அம்முறை எளிமையாக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்துக் கற்றல் இழப்பைச் சரிசெய்யும் நோக்கத்தோடு 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. குழந்தை எந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் கற்கிறது என்பதைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது இத்திட்டத்தின் சிறப்பு. பாடல், கதை, பொம்மலாட்டம், களப்பொருள் என்று செயல்பாடுகளும் பெருகியுள்ளன. எனினும் எழுத்தும் எண்ணும் கைவருவது என்ற இலக்கு, வெளியே செல்வதை இன்னும் இரண்டாம் இடத்திலேயே வைத்திருக்கிறது.

மலைப் பள்ளிக்கு உரியது

பழனி மலையின் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பண்ணைக்காடு, பாச்சலூர் போன்ற ஊர்களும் அவற்றைச் சுற்றிய குடியிருப்புகளும், மாணவர் எண்ணிக்கை குறைவான பள்ளிகள் இருப்பது இயல்பான நிலப்பரப்பு. அறுபது மாணவர் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பதே கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. எனவே இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிர்வாகக் கண்ணோட்டத்தில் இது பற்றாக்குறை. கோடைக்கானல் அனுபவத்தின் கண்ணோட்டத்தில் இது வசதி, ஏனெனில் மாண்டிசோரி பல வயதுக் குழந்தைகளை வேண்டுமென்றே ஒரே அறையில் அமர்த்தினார். மூத்த குழந்தை இளையதற்கு விளக்கும்போது மூத்ததன் புரிதல் உறுதிப்படுகிறது. இளையது தனியே எட்ட முடியாததைச் சற்றே உதவியோடு எட்டுகிறது. ரஷ்ய உளவியலாளர் லேவ் வைகாட்ஸ்கி அண்மை வளர்ச்சி மண்டலம் என்று பெயரிட்டது இந்த இடைவெளியைத்தான். அருகில் இருக்கும் ஆனால் இன்னும் கைவராத திறனின் எல்லை என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

இம்மலையில் பாடத்துக்கான பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பூம்பாறையைச் சுற்றிப் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களில் சமமட்டக் கோடு என்ற புவியியல் கருத்து நேரடியாகத் தெரிகிறது. அந்த மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஏன் என்ற கேள்வி மண், தட்பவெப்பம், சந்தை, சட்டம் என்று ஐந்தாம் வகுப்பு வரை நீளக்கூடியது. சோலைக்காட்டின் பாசி படர்ந்த தரை மழைநீரை உறிஞ்சி வைத்திருப்பதையும், அயல் மரங்கள் நட்ட சரிவு அப்படி வைத்திருக்காததையும் ஒரே நாளில் இரண்டு இடங்களில் ஒரு கைப்பிடி மண்ணைப் பிழிந்து பார்த்தே குழந்தைகள் அறிந்துகொள்ளலாம். மலையின் நீர் கீழே சமவெளியின் வயலுக்குச் செல்கிறது என்பது அதன் அடுத்த படி. பள்ளி வாசலில் வைத்த டப்பாவில் மழையை அளந்து, வடகிழக்குப் பருவமழை மாதங்களான அக்டோபர் முதல் டிசம்பர் வரை பட்டை வரைபடம் போடுவதற்குச் செலவு எதுவும் இல்லை. செண்பகனூர் அருங்காட்சியகமும் சூரிய ஆய்வு நிலையமும் சுற்றுலாப் பயணிகளுக்கான இடங்களாகவே பேசப்படுகின்றன. மேல்மலைக் கிராமத்து அரசுப் பள்ளி மாணவர் அவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கும் ஏற்பாடு வழக்கமாக வேண்டும்.

இம்மலையின் பழங்குடியினரான பளியர் சமூகக் குழந்தைகளைப் பொறுத்தவரை இத்தேவை கூடுதலானது. தேனடையின் பருவம், கிழங்கு இருக்கும் கொடியின் அடையாளம், மரத்தின் பயன் ஆகியவற்றைப் பெற்றோரோடு நடந்து நடந்தே அறிந்து வரும் குழந்தை, பள்ளிக்குள் நுழைந்த கணமே எதுவும் தெரியாத குழந்தையாக நடத்தப்படுவது கற்பித்தல் முறையின் தோல்வி. இலை வகைப்பாட்டு அட்டையை அக்குழந்தையே செய்யட்டும். பெயர்களை அதன் பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். அந்த வகுப்பில் அக்குழந்தையே முதல் மாணவராக இருக்கும்.

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடோ புதிய திட்டப் பெயரோ தேவையில்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் செயல்பாட்டு நூலில் வாரம் ஒரு பாடவேளையை வெளிச் செயல்பாட்டுக்கென ஒதுக்குவதும், திண்டுக்கல் மாவட்டத்துக்குரிய ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் மலைப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே பழனி மலைக்கான அட்டைத் தொகுப்பு ஒன்றைத் தயாரிப்பதும் முதல் படிகளாகப் போதும். பள்ளிக்கு வெளியே குழந்தைகளை அழைத்துச் செல்வதில் ஆசிரியருக்கு உள்ள அச்சம், ஏதேனும் நேர்ந்தால் தானே பொறுப்பு என்ற அச்சம், உண்மையானது. அதை ஓர் அரசாணையும், பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள பெற்றோர் இருவர் உடன் செல்லும் ஏற்பாடும் தீர்த்துவைக்க முடியும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, பழனி மலையில் 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். 2018-இல் பிறந்த குழந்தைகள் அப்போது பன்னிரண்டு வயதைத் தொட்டு, மாண்டிசோரி வகுத்த இரண்டாம் தளத்தை முடித்திருப்பர். பள்ளிக்கு அருகே ஒரு குறிஞ்சிப் புதரைத் தேர்ந்தெடுத்து, அதன் உயரத்தையும் கிளையையும் அதில் வந்தமரும் பூச்சிகளையும் அந்த ஆண்டு வரை மாதம் ஒருமுறை பதிவேட்டில் எழுதிவருவதற்கு ஓர் ஏடும் ஓர் அளவுகோலும் போதும். மலைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அப்பதிவேட்டை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.